கடல் கல் கழுவியது

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஆடுகளை நிறுத்துகிற கல் கடலிலிருந்து வந்தது. மொத்தம் ஒன்பது கல். கரையான் புற்றைப் பிய்த்து வைத்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். குடில் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், இது எங்கே கிடைத்தது என்று. "எந்தம்பி கொண்டாந்து குடுத்தது" என்பாள் அம்மா, பெருமையாக. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, சென்னையில் ஒரு வண்ண மீன் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். நீடாமங்கலத்தில் சொந்தக் கடை போடப்போவதாக எல்லோரிடமும் சொன்னார். கடைக்கு இடம் பார்க்கவில்லை. ஆனால் போர்டு எழுதி வாங்கிவிட்டார். நீலத் தகரத்தில் ஆரஞ்சு மீன் ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும். அதைச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். கட்டிலில் படுக்கிற அப்பா, "மீனு மேல படுத்துக் கெடக்கேன், முள்ளு குத்துது மாப்ள" என்பார். மாமா சிரித்துக்கொள்வார். திருக்காட்டுப்பள்ளியில் அவருக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதலில் பையனுக்கு ஒரு தொழில் நிலைக்கட்டும், பிறகு தேதி குறிப்போம்.

தொழில் ஒரு டாக்டர் உருவத்தில் வந்தது. எங்கள் ஊர் மேலத்தெருக்காரர். தஞ்சாவூரில் புதிதாகப் பெரிய ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு நிலம் இருந்தது; அப்பா அதில்தான் கூலி வேலை பார்த்தார். ஆஸ்பத்திரி முன் கூடத்தில் கடல் மீன் தொட்டி ஒன்று வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை. சாதாரணத் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதை அமைத்துக் கொடுத்தால் மாதா மாதம் பராமரிப்பதும் மாமாதான். அது நன்றாக அமைந்துவிட்டால் டாக்டரின் நண்பர்கள் நாலைந்து பேர் கேட்பார்கள். அப்புறம் போர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவிடலாம்.

கல் வாங்க மாமாவோடு நானும் போனேன். டாக்டரின் பழைய கிளினிக்கில் ஒரு காலத்தில் இதுபோல் ஒரு தொட்டி இருந்ததாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மீன் எல்லாம் செத்துப்போய், கற்களை மட்டும் மூட்டை கட்டி ஜெனரேட்டர் அறையில் போட்டிருந்தார்கள். மாமா மூட்டையைப் பிரித்தார். கற்கள் கறுத்துக் கிடந்தன. காய்ந்த பாசி, செத்த சிப்பி, புழுக்கள் கட்டி வைத்த சுண்ணாம்புக் குழாய்கள், எலிப் புழுக்கை. கருவாட்டு வாடை. மாமா ஒரு கல்லைக் கையில் எடுத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையான கல்லு சார். இப்பல்லாம் கடல்லேருந்து எடுக்க விட மாட்டாங்க" என்றார்.

"எங்க வச்சுக் கழுவுவ?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்லதான் சார்."

"உங்க காலனிலயா? வேணாம்ப்பா. அங்க தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இங்கயே பின்னாடி வச்சு செய்யி."

"இல்ல சார், கேன் தண்ணிலதான் சார் அலசுவேன். நான் பாத்துக்கிறேன்."

"எதாச்சும் ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் ஒரு சாக்லேட் கொடுத்தார். எவ்வளவு அக்கறையான மனிதர், நமக்குச் சிரமம் வேண்டாம் என்று பார்க்கிறாரே என்று நான் நினைத்தேன். சாக்லேட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கல் கழுவும் வேலை நடந்தது. முதலில் தண்ணீர் படாமல் சுரண்ட வேண்டும். மாமா ஸ்க்ரூ டிரைவரால் புழுக் குழாய்களைப் பெயர்ப்பார். நான் பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டை ஓட்டையாகத் தேய்ப்பேன். பிறகு டிரம்மில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கல்லைப் போட்டு மூடினோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேய்த்து, மறுபடி போடுவோம். முதல் நாள் தண்ணீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. வாடை தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ, உன் தம்பி என்ன, கல்லக் கழுவிக் கொழம்பு வைக்கப்போறானா?" என்று அம்மாவைக் கேட்டாள். அப்படிக் கேட்ட அதே அக்கா மறுநாள், "மிச்சம் ஆச்சுன்னா குடிலுக்கு ரெண்டு கல்லு குடுடி" என்றும் கேட்டாள்.

பிளீச்சிங் வாடை போக மாடியில் வெயிலில் காயவைத்தோம். பிறகு ஆசிட். அந்த வேலையை மாமா மட்டும்தான் செய்தார். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கல்லை இறக்கினார். சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"எதுக்கு மாமா இவ்ளோ பண்ணணும்? வெள்ளையாத்தான ஆயிடுச்சு" என்று தூரத்தில் நின்று கேட்டேன்.

"வெளியதான் வெள்ள. பழைய தொட்டியில மீனு தின்னது, பேண்டது எல்லாத்தையும் இது குடிச்சு வச்சிருக்கு. கல்லுன்னு நெனைக்காத. பஞ்சு மாதிரி குடிக்கும். குடிச்சத என்னைக்காச்சும் கக்கும். அதான் மேல் தோல உரிக்கிறேன்."

மாமாவிடம் ஒரே ஒரு ஜோடிக் கையுறைதான் இருந்தது. ஆசிட்டுக்காக அதை அவர் வைத்துக்கொண்டார். நான் மூன்று வாரமும் பிளீச்சிங் கல்லை வெறும் கையால்தான் தேய்த்தேன். எனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. கல்லைப் பார்த்த கண் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாக இருந்தது அலசல். ஆசிட் வேகம் போக சோடா மாவுத் தண்ணீரில் போட்டெடுத்து, அப்புறம் சுத்தமான கேன் தண்ணீரில் ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். மாமா மீன், உப்பு, மோட்டார் எல்லாம் வாங்கச் சென்னைக்குக் கிளம்பினார். திரும்ப மூன்று நாள் ஆகும். தண்ணீர்க் கேன்களைக் கொல்லையில் வரிசையாக அடுக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "மொத்தமும் உன் கையிலதான். வேற ஒரு சொட்டு தண்ணி இது மேல படக்கூடாது. போர் தண்ணி, வாய்க்கா தண்ணி, எதுவும். மறந்துடாத."

நான் மறக்கவில்லை.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் விரல் இடுக்குகளில் பட்டதும் உயிர் போனது. கையை உதறினேன். எதிரே இருந்த அப்பா என் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். விரல் நுனி எல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, இடுக்குகளில் ரத்தம் கோடு கோடாக இருந்தது. அப்பா டாக்டர் வீட்டு வயலில் அடியுரம் தெளித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவருடைய விரல்களும் வெடித்துத்தான் இருந்தன. ஆனால் அவருடையதை யாரும் பிடித்துப் பார்த்ததில்லை.

"என்னடி இது?" என்று கேட்டது என்னை. திட்டியது அம்மாவை. "உன் தம்பி எம்புள்ளயக் கல்லொடைக்க விட்டிருக்கானா? பெரிய இஞ்சினீரு. மீனுக்கு வூடு கட்டுறதுக்கு எம்புள்ள கை வேணுமா?"

அம்மா, "மெதுவாப் பேசுங்க, அவனே இப்பதான் ஒரு வழிக்கு வர்றான்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா கொல்லைக்குப் போய் டிரம்மிலிருந்த கற்களை எல்லாம் ஒரு சணல் சாக்கில் போட்டார். அது விதை நெல் ஊறப்போடும் சாக்கு. முந்தின நாள்தான் சம்பா விதையை அதில் ஊறவைத்து எடுத்து, முளை கட்டப் போட்டிருந்தார். சாக்கை ஓர் உதறு உதறித்தான் கல்லைப் போட்டார். அப்படியும் தையல் ஓரத்தில் நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைக் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, வாய்க்கா தண்ணி படக்கூடாதுன்னு மாமா சொன்னாரு."

"ஒம்மாமனுக்கு மீனு தெரியும். தண்ணியப் பத்தி எனக்குத் தெரியாதா? கேன்ல அடைச்சு வச்ச தண்ணி செத்த தண்ணி. ஓடுற தண்ணிய விடச் சுத்தம் ஏது? வெத நெல்லையே இதுலதான் போடுறோம். மொளைக்கலையா?"

கரையில் நின்ற பூவரச மரத்தில் கயிற்றைக் கட்டி, விதை மூட்டையை இறக்குவது மாதிரியே பதமாக மூட்டையைத் தண்ணீருக்குள் இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே நீ கைய வைக்கக் கூடாது. அவன் கேட்டா, சொன்ன மாதிரியே மாத்துனேன்னு சொல்லிடு. எதுக்கு வீண் சண்ட?"

சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. அப்பா சொன்னால் போதும். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, கை எரிந்துகொண்டிருந்தது. கேன் தண்ணீரில் அம்மா டீ போட்டாள். "ருசியே தனிதான்" என்றாள்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. அப்பாவை வரச்சொல்லி டாக்டர் வீட்டு வயலிலிருந்து ஆள் வந்தது. நடவுக்குத் தயாராக இருந்த வயல் நிரம்பி வழிகிறதாம், மடையைத் திறந்து வடியவிட வேண்டுமாம். அப்பா தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் மூட்டையைத் தூக்கினார். கல்லில் லேசாக வண்டல் படிந்திருந்தது. மிச்சமிருந்த கேன் தண்ணீரில் ஓர் அலசு அலசி வைத்ததும் பளிச்சென்று இருந்தது. மத்தியானம் மாமா வந்தார். கற்களை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். என் தலையில் கைவைத்து, "கெட்டிக்காரி. கட போட்டா மொத ஆளு நீதான்" என்றார்.

"சொன்ன மாதிரியே மாத்துனேன் மாமா" என்றேன். அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

தொட்டியில் கல்லை அடுக்கி உப்புத் தண்ணீர் நிரப்பியதும் மாமா டாக்டரிடம் ஒரு மாதம் கேட்டார். கல் இருட்டில் கிடந்து பக்குவப்பட வேண்டும், அதன் ஓட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற வேண்டும், அதற்கு முன்னால் மீன் விடக் கூடாது என்று கெஞ்சினார். "ஆவணி முகூர்த்தத்துல தெறப்பு விழா. வர்றவங்க எல்லாம் காலித் தொட்டியையா பாப்பாங்க?" என்றார் டாக்டர். எட்டு நாள்தான் கிடைத்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தபோதே மீனை விட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூடத்துக்குள் வராமல் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு, ஒரு நீல மீன், நான் தேய்த்த ஓட்டைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. மாமா புதுச் சட்டையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். தேதி குறித்துவிடலாம் என்று அங்கேயே பேச்சு வந்தது.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை. நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து மாமாவோடு போனேன். கூடத்தில் நுழையும்போதே வாடை அடித்தது. நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பச்சைக் கலங்கலாக இருந்தது. வெள்ளைக் கற்கள் மேல் வழவழவென்று பாசி. மூன்று மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மாமா சட்டைக் கையை மடித்து, ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார். நர்சுகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான்காவது கல்லைத் திருப்பியபோது அவர் கை நின்றது. அந்த ஓட்டைக்குள் மிளகு அளவில் நத்தைகள் செத்து நாறிக் கிடந்தன. கடல் நத்தை இல்லை, எங்கள் வாய்க்கால் நத்தை. அவற்றுக்குப் பின்னால், ஓட்டையின் வளைவில் சிக்கியபடி, ஒரு நெல். முளைவிட்டு, உப்பில் முளை கருகிய நெல்.

மாமா அதை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "எங்க வச்சுக் கழுவுன? உங்க காலனிலதான? நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா? உங்க எடத்துத் தண்ணி பட்டாலே இப்படித்தான் நாறும்னு சொன்னனா இல்லையா?"

மாமா நெல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இல்ல சார். தண்ணில ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் சார் வேல சரியாத் தெரியல."

"என்னது?"

"வேல தெரியல சார். கல்லப் பக்குவம் பண்ணத் தெரியாமப் போட்டுட்டேன். என் தப்புதான் சார்."

"தெரியாதவன் எதுக்குடா தெரியும்னு வந்த?" என்றார் டாக்டர், அத்தனை பேர் முன்னால். இந்தக் கல்லும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றார். மாமா குனிந்து கற்களைச் சாக்கில் அள்ளினார். பஸ்ஸில் கண்டக்டர், "என்னய்யா மூட்ட, செத்த எலிய ஏத்திக்கிட்டு வர்றியா?" என்று கத்தினான்.

ஒரு வாரத்தில் திருக்காட்டுப்பள்ளிக்குச் செய்தி போய்விட்டது. பையனுக்குத் தொழில் தெரியாதாம், அவனே டாக்டரிடம் ஒத்துக்கொண்டானாம். பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். மாமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். வேறு பெண், இரண்டு பிள்ளைகள். போர்டை அம்மா கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டாள். ஆரஞ்சு மீன் துருப்பிடிக்கும்வரை வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

தன் தப்பு என்று மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு மாதம் கொடுக்காத டாக்டரிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மீதிப் பாதியை நான் வளர்ந்த பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வாய்க்கால் ஊருக்குள் எங்கள் காலனிக்குத்தான் கடைசியாக வருகிறது. அதற்கு முன்னால் மேலத்தெரு வயல்களை எல்லாம் தாண்டி வருகிறது. அந்த இரண்டு நாளும் மூட்டையை நனைத்துக்கொண்டு போனது டாக்டர் வயலின் மடையிலிருந்து வடிந்த தண்ணீர். அப்பா கையால் தெளித்த உரம், அப்பா கையால் திறந்த மடை. கல் பஞ்சு மாதிரி அதைக் குடித்தது. உரம் அழுக்கு என்று அப்பாவுக்கு எப்படித் தோன்றும்? பயிரை வளர்க்கிற சாமான் அது. தொட்டியில் முளைத்த பாசி டாக்டர் வீட்டு உரத்தில் முளைத்தது. இதை அன்றைக்கு அந்த ஆள் முகத்துக்கு நேராக யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

அப்பாவிடம் மாமா எதுவும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்பது நான் வைத்திருக்கும் சாக்கு. உண்மையில், அன்று கேட்காமலே சொன்ன அந்தப் பொய்தான் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது.

குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று டிசம்பர் பாதியில் அப்பா நெல் ஊறப்போடுவார். அதே வாய்க்கால், அதே பூவரச மரம். முளைத்ததைக் கொண்டுவந்து அந்த ஒன்பது கற்களைச் சுற்றிப் பரப்புவார். திருப்பூரிலிருந்து பிள்ளைகளோடு வரும் மாமா குடிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

"நல்லா வந்திருக்கு மச்சான்" என்பார்.

"நம்ம தண்ணி அப்படி மாப்ள" என்பார் அப்பா.

மாமா ஓர் ஆட்டை எடுத்து, அன்று நான்காவதாக எடுத்த அந்தக் கல்லின் ஓட்டைக்கு முன்னால் நகர்த்தி வைப்பார். ஒவ்வொரு வருடமும் நான் அதைப் பார்க்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் சாக்கு மூட்டை எங்கள் காலடியில் இருந்தது. மாமா நீடாமங்கலம் வரைக்கும் சட்டைப் பையின் மேல் கையை வைத்தபடி ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த மாமாவுக்கு டாக்டரைக் கண்டால் இவ்வளவு பயமா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்தேன்.